திரும்பி வழிவது

தனக்கென்று மட்டும் ஒருவன் செய்துகொள்ளும் காரியத்தில் தர்மம், அதர்மம் என்ற பேச்சுக்கு இடம் உண்டா? அடுத்தவனுக்குத் தீங்கு இல்லாதவரை அவன் பாடு என்று விட்டுவிடுவது சுலபம். மில் 1859இல் சுதந்திரத்தைப் பற்றி எழுதிய நூலில் ஏறக்குறைய இந்த இடத்தில்தான் நிற்கிறார். குடியைச் சிரமமாக்குவதற்கென்றே வரி போடுவது மதுவிலக்கோடு அளவில்தான் வித்தியாசப்படுகிறது என்று வாதிக்கும் அவரே, அரசுக்கு எப்படியும் பணம் வேண்டும் என்பதால் மதுவின் மேல் வரியை ஏற்றுக்கொள்ளவும் செய்கிறார். கொள்கை முடிகிற இடத்தில் கஜானா ஆரம்பித்துவிடுகிறது.

நியூசிலாந்தில் 1996ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இந்தப் பிரச்னையை வேறுவிதமாகத் தொட்டது. ஒருவன் தன் வீட்டில், தன் உபயோகத்துக்கு, சாராயம் வடித்துக்கொள்ளலாம். விற்பதானால் லைசென்ஸ் வேண்டும், வரி கட்ட வேண்டும். அதே நாட்டின் தெற்கில், ஹோக்கொனுய் மலைகளில், ஸ்காட்லாந்திலிருந்து குடியேறிய மக்ரே குடும்பத்தார் போன்றவர்கள் திருட்டுத்தனமாக வடித்துவந்தது பல பத்தாண்டுக் கதை. இப்போது கோர் என்ற ஊரில் அதற்கு ஒரு மியூசியமே இருக்கிறது. சட்டம் கோடு போட்டிருப்பது வடிப்பதிலும் அல்ல, குடிப்பதிலும் அல்ல, விற்பதில். நம்மிடம் நேர் எதிர். 1937ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டம் அதே பெயரில் இருக்கிறது. 2003 முதல் சில்லறைக் கடையை அரசே நடத்துகிறது. வீட்டில் ஊறல் போட்டவன் குற்றவாளி. எது சரி என்று தீர்ப்புச் சொல்வது என் உத்தேசமல்ல. ஒரே பொருளைச் சுற்றி இரண்டு சமூகங்கள் பாவத்தை வேறு வேறு இடத்தில் வைத்திருக்கின்றன என்பது கவனிக்கத்தக்கது.

வீட்டில் வடிப்பவர்களில் பலர் இன்று உபயோகிப்பது 'ரிஃப்ளக்ஸ்' என்ற வகை வாலை. சாதாரண வாலையில் ஊறலைக் கொதிக்கவைத்து, ஆவியைக் குளிரவைத்து, சொட்டுவதைப் பிடித்துக்கொள்வார்கள். இதில் கொப்பரையின் மேல் செங்குத்தாக ஒரு குழாய். உள்ளே செப்புக் கம்பி வலையோ அதுபோல ஒன்றோ திணித்திருக்கும். மேலே போன ஆவி குளிர்ந்து திரவமாகிறது. அதில் ஒரு பகுதியைத்தான் வெளியே எடுக்கிறார்கள். மிச்சம் அதே குழாய் வழியாகத் திரும்பிக் கீழே வழிகிறது. ஏறுகிற ஆவியும் இறங்குகிற திரவமும் வழியெல்லாம் சந்தித்துக்கொள்கின்றன. ஒவ்வொரு சந்திப்பிலும் நீர் கொஞ்சம் கீழே தங்க, எரிசாராயம் கொஞ்சம் மேலே போகிறது. ஒரே குழாய்க்குள் பல தடவை வடித்த மாதிரி. 10, 12 சதவீதமாக இருந்த ஊறலிலிருந்து 90க்கு மேல் எடுத்துவிடலாம். ஆனால் எடைக் கணக்கில் 95.6 சதவீதத்தைத் தாண்ட முடியாது. அந்த நிலையில், 78.2 டிகிரியில், திரவத்துக்கும் ஆவிக்கும் சேர்மானம் ஒன்றே ஆகிவிடுகிறது. எத்தனை முறை திருப்பி அனுப்பினாலும் கடைசி நீர் போவதில்லை.

சுத்தம் கூடக்கூட வேறொன்று குறைந்துகொண்டு வருகிறது. கரும்பிலிருந்து வந்ததா, சோளத்திலிருந்தா, உருளைக்கிழங்கிலிருந்தா என்று சொல்ல முடியாத ஒரு திரவம் கடைசியில் மிஞ்சுகிறது. பிறந்த இடத்தின் வாசனை அதில் இல்லை. அப்புறம் கடையில் எசன்ஸ் வாங்கி ஊற்றி அதற்கு ஒரு பெயர் வைக்கிறார்கள். இந்தக் கதை பழையது. சுத்தத்தை நோக்கிப் போகும் தொடர் வாலைக்கு 1830இல் பேட்டன்ட் வாங்கிய ஈனியஸ் காஃபி, அதற்கு முன் அயர்லாந்தில் கலால் அதிகாரியாக இருந்தவர். கள்ளச்சாராயக்காரர்களைத் தேடிப் போய் 1810இல் டோனெகலில் பயங்கரமாக அடிபட்டவர். அவருடைய சாராயத்தில் ருசி இல்லை என்று அயர்லாந்துக்காரர்கள் ஒதுக்கினார்கள். ஸ்காட்லாந்துக்காரர்கள் எடுத்துக்கொண்டு கலந்து விற்றார்கள். இதை விஸ்கி என்று அழைக்கலாமா என்று விசாரிக்க ராயல் கமிஷன் உட்கார்ந்து, அழைக்கலாம் என்று 1909இல் சொல்லியது. சுத்தத்தைக் கண்டுபிடித்தவன் கலால்காரன் என்பது எனக்குத் தற்செயலாகப் படவில்லை. அளக்க முடிந்ததுதான் வரிக்கு உட்படும். ருசியை அளக்கும் கருவி கலால் இலாகாவிடம் கிடையாது.

வடிக்கிறவன் செய்கிற காரியங்களில் தார்மீகமானது என்று சொல்லத்தக்கது ஒன்றே ஒன்று: பிரிப்பது. முதலில் வருவது தலை. மூக்கைக் குத்தும் காரம். பிறகு இதயம். கடைசியில் வால், ஈரத்துணி நாற்றம். எங்கே தலை முடிந்து இதயம் ஆரம்பிக்கிறது என்பதற்கு அனலமானி கொஞ்சம் துணை செய்யும். முடிவு மூக்கிலும் நாக்கிலும்தான். பேராசைக்காரன் தலையிலிருந்தும் வாலிலிருந்தும் கொஞ்சம் சேர்த்துக்கொள்வான். யார் பார்க்கப்போகிறார்கள்? நான் வேலை செய்கிற வங்கியில் ஒரு விதி உண்டு: வவுச்சரை எழுதியவனே பாஸ் செய்யக்கூடாது. மனிதன் தன்னைத் தானே சரிபார்த்துக்கொள்வான் என்று எந்த ஸ்தாபனமும் நம்புவதில்லை. வாலையின் முன் உட்கார்ந்திருப்பவன் எழுதுகிறவனும் அவனே, பாஸ் செய்கிறவனும் அவனே. ஆனால் அவனுக்கு ஒரு பிணை இருக்கிறது. அவன்தான் குடிக்கப்போகிறான்.

இந்தப் பிணை லேசானதல்ல. வீட்டில் வடித்தால் கண் போகும் என்று ஒரு பயம் உலகெங்கும் உண்டு. வாஸ்தவத்தில் சர்க்கரை ஊறலில் மெத்தனால் அநேகமாக உண்டாவதே இல்லை. கூட்டம் கூட்டமாகச் செத்த இடங்களில் மெத்தனால் வெளியிலிருந்து வந்தது. அது கலந்துவிட்டால் தலையைக் கொட்டிவிடுவதால் முழுக்கப் போய்விடுவதும் இல்லை. அமெரிக்காவில் மதுவிலக்கு நடந்த காலத்தில், தொழிற்சாலைக்கான எரிசாராயத்தைத் திருடிக் குடிக்கிறார்கள் என்று, 1926 முடிவில் அரசாங்கமே அதில் மெத்தனாலின் அளவை அதிகரிக்கச் செய்தது, ஜனங்கள் செத்தார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கு மேற்பட்டவர்கள் செத்ததும் மெத்தனால் கலந்த சாராயத்தால். இரண்டிலும் கலந்தவன் குடிக்கவில்லை. குடித்தவனின் முகம் அவனுக்குத் தெரிய வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. பாவம் வாலையில் இல்லை. செய்கிறவனுக்கும் குடிக்கிறவனுக்கும் நடுவில் விழுகிற தூரத்தில் இருக்கிறது. விற்பனையில் கோடு போட்ட சட்டம், வரிக்காகத்தான் போட்டது என்றாலும், அறியாமலே ஒரு உண்மையைத் தொட்டிருக்கிறது.

இதை வைத்துக்கொண்டு வீட்டு வாலையைப் புனிதமாக்கிவிட முடியாது. கசியும் ஆவி தீப்பிடித்தால் எரிவது வடித்தவன் மட்டுமல்ல, அந்த வீடு. தனக்கென்று வடித்துத் தனக்கென்று குடிக்கிறவனின் மனைவியும் குழந்தைகளும் 'தனக்கு' என்ற சொல்லின் உள்ளே இருக்கிறார்களா, வெளியே இருக்கிறார்களா என்பதற்கு மில்லிடம் திருப்தியான பதில் இல்லை. நண்பன் வருகிறான், ஒரு கிளாஸ் ஊற்றித் தருகிறான். அந்த நிமிஷத்தில் தனக்கென்று செய்தது பிறனுக்கென்று ஆகிவிடுகிறது. காசு வாங்கவில்லை என்பது பொறுப்பைக் குறைக்குமா, கூட்டுமா? கூட்டும் என்றுதான் நினைக்கிறேன். காசு கொடுத்தவன் சந்தேகிக்கலாம், திருப்பிக் கேட்கலாம். விருந்தாளி சந்தேகிக்க முடியாது.

இங்கே நம்மைப் பற்றியும் சொல்லவேண்டியிருக்கிறது. சிறுபத்திரிகை என்பதும் வீட்டில் வடிப்பதுதான். விற்பனைக்கல்ல; செய்கிறவர்களே குடிக்கிறவர்கள். வெகுஜனப் பத்திரிகைக்காரன் தான் வாசிக்காததை லட்சக்கணக்கானவர்களுக்கு ஊற்றுகிறான், நாம் அப்படி இல்லை என்ற நம் கர்வத்துக்கு இந்த அளவில் நியாயம் உண்டு. ஆனால் வடிக்கிறவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். எடுக்க ஆரம்பிக்கும் முன், எதையும் வெளியே விடாமல், மேலே போன அத்தனையையும் திருப்பி வழியவிட்டுக் குழாயை நிலைப்படுத்துவார்கள். அப்போதுதான் உச்சியில் சுத்தம் மிக அதிகம். அப்போது பாத்திரத்தில் விழுவது ஒரு சொட்டும் இல்லை. என் கவிதைக்கு உன் விமர்சனம், உன் விமர்சனத்துக்கு என் மறுப்பு என்று அதே குழாய்க்குள் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும்போது நாமும் சுத்தமாகிக்கொண்டுதான் இருக்கிறோம். கரும்பா, சோளமா என்று சொல்ல முடியாத கவிதைகள் ஏற்கனவே வந்துகொண்டிருக்கின்றன. பிறகு எசன்ஸ் தேடிப் போகிறோம். அது வேறு மொழிக் கடைகளில் கிடைக்கிறது.

சுத்தத்துக்கு ஒரு எல்லை இருக்கிறது என்பது ரசாயனம். அந்த எல்லைக்கு எவ்வளவு முன்னால் நிறுத்திக்கொள்வது, எவ்வளவை வெளியே எடுத்து முகம் தெரிந்த ஒருவனிடம் நீட்டுவது என்பது ரசாயனத்தில் இல்லை. நீட்டுவதற்கு முன் நாம் குடித்துப் பார்த்தோமா என்பதும் இல்லை.