மழைமானியின் நியாயம்

நுங்கம்பாக்கத்தில் நாலு சென்டிமீட்டர் மழை என்று செய்தியில் சொல்வார்கள். உங்கள் மொட்டைமாடியில் காயப்போட்ட துணியோ மொறுமொறுவென்று இருக்கும். 'இங்க ஒரு சொட்டுகூட விழலையே' என்று சிரித்துவிட்டுத் துணியை மடிப்பீர்கள். விவசாயிக்கு இது நடந்தால் சிரிப்பு வராது.

2003-ல், அன்றைய ஆந்திராவின் மகபூப்நகர் மாவட்டத்தில், நிலக்கடலையும் ஆமணக்கும் போடுகிறவர்களுக்கு மழைக் காப்பீடு விற்றார்கள். இந்தியாவில் அதுதான் முதல். (யோசனை பழசு. மைசூர் சமஸ்தானத்து ஜே.எஸ். சக்ரவர்த்தி 1920-லேயே புத்தகம் போட்டுவிட்டார்.) 2007-ல் மத்திய அரசும் இந்த வழிக்கு வந்தது. வயலை யாரும் வந்து பார்ப்பதில்லை. குறிப்பிட்ட மழைமானியில், குறிப்பிட்ட நாட்களில் இத்தனை மில்லிமீட்டருக்குக் கீழே போனால் பணம். போகாவிட்டால் கிடையாது.

ஏன் இப்படி? வயல் வயலாக ஆள் அனுப்பினால் செலவு. போகிற ஆள் கை நீட்டலாம். விவசாயியும், 'எப்படியும் பணம் வரும்' என்று களை எடுக்காமல் உட்கார்ந்துவிடலாம். மழைமானிக்கு லஞ்சம் கொடுக்க முடியாது. மேலே துணி கட்டி மூடிவிட்டால் என்கிறீர்களா? அது வேறு கதை.

இப்போது மல்லய்யா என்று ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். மழைமானி எட்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அங்கே கொட்டியது, இவர் கடலை கருகியது. பைசா வரவில்லை. பக்கத்து மண்டலத்தில் யாதய்யா. அவர் பக்கத்து மழைமானி காய்ந்தது. அவர் நிலத்தில் மட்டும் நல்ல மழை. கடலையும் வீட்டுக்கு வந்தது, காப்பீட்டுப் பணமும் வந்தது.

யாதய்யா பணத்தைத் திருப்பித் தர வேண்டுமா? வேண்டாம் என்பீர்கள். பிரீமியம் கட்டினார், ஒப்பந்தப்படி வாங்கினார். சரி. அப்படியானால் அதே ஒப்பந்தப்படி மல்லய்யாவும் வாய் திறக்கக் கூடாது. யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் ஏமாற்றவில்லை. ஆனாலும் எனக்கு மனசு ஒப்பவில்லை. கம்பெனி விற்றது மழைமானிக்கான காப்பீடு. மல்லய்யா வாங்கியது பயிருக்கு. இந்த வித்தியாசத்தை விற்கும்போதே அவர் பாஷையில் உட்கார்ந்து சொன்னார்களா?

நமக்கென்ன என்று நகர முடியாது. 2016-ல் மத்திய அரசு மாற்றியமைத்த திட்டத்தில், காரீப் பருவ எண்ணெய் வித்துக்கு விவசாயி கட்டுவது காப்புத் தொகையில் அதிகபட்சம் 2 சதவிகிதம்தான். மிச்ச பிரீமியம் அரசுப் பணம், அதாவது உங்கள் வரி. பூமி சூடாக ஆக, மழை ஒரே நாளில் கொட்டிவிட்டு வாரக்கணக்கில் காணாமல் போகிறது. மழைமானிகளை நெருக்கமாக வைத்தால் மல்லய்யாக்கள் குறைவார்கள், செலவு கூடும். அதற்குச் சம்மதிப்பீர்களா?

மல்லய்யாவின் சொல்லை நம்ப முடியாது என்றுதானே மழைமானி வைத்தோம்? அடுத்த வருஷம் விதைப்புக்கு முன்னால் ஏஜென்ட் மறுபடியும் வந்து பிரீமியம் கேட்பார். மல்லய்யா எதை நம்பிக் கட்டுவார்?