எழுபத்தேழு வருஷ பஸ்

ஒரகடத்தில் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் கம்பெனி பஸ்கள் வரிசையாக வருவதைப் பார்க்கலாம். காஞ்சிபுரம், வாலாஜாபாத், அரக்கோணம் பக்கமிருந்து ஆட்களை ஏற்றி வருபவை. ஒரு பஸ் இருபது இடங்களில் நிற்கவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மொத்த தூரம் மிகக் குறைவாக இருக்க, எந்த வரிசையில் போவது?

சின்னக் கணக்குதானே என்று தோன்றும். சாத்தியமான வரிசைகளின் எண்ணிக்கை 19 இலக்கம்! விநாடிக்கு நூறு கோடி வரிசைகளைச் சோதிக்கும் கம்ப்யூட்டருக்கே 77 வருஷம் ஆகும். அதற்குள் ஏறவேண்டியவர் ரிட்டயர் ஆகி, பேரனும் வேலைக்குச் சேர்ந்திருப்பான்.

இந்த மாதிரிக் கணக்குகளுக்காக 1965 வாக்கில் ஆலன் காபம், ஜாக் எட்மண்ட்ஸ் இருவரும் தனித்தனியே ஓர் அளவுகோல் சொன்னார்கள். நிறுத்தங்கள் இரு மடங்கானால் வேலை நாலு மடங்கோ எட்டு மடங்கோ ஆகட்டும், அந்த முறை சிக்கனமானது. ஒவ்வொரு நிறுத்தம் கூடும்போதும் வேலை இரட்டித்தால் அது ஆகாது.

நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் எட்டுக்குப் பதில் 1,024 மடங்கு என்றாலும் இந்த வரையறைப்படி பாஸ். அப்படி ஒரு 'சிக்கனமான' முறை, நூறு நிறுத்தங்களுக்கு அதே கம்ப்யூட்டரில் 3,000 வருஷத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும்.

இது வெறும் விதண்டாவாதமில்லை. 2002-ல் ஐ.ஐ.டி. கான்பூரின் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா மூவரும், ஓர் எண் பகா எண்ணா என்று நிச்சயமாகச் சொல்லும் சிக்கனமான முறையைக் கண்டுபிடித்தார்கள். உலகமே கைதட்டியது. ஆனால் ரகசியச் சாவிகளுக்குப் பெரிய பகா எண்கள் தேடும்போது, இன்றும் மில்லர்-ராபின் போன்ற சோதனைகளைத்தான் பயன்படுத்துகிறார்கள். தப்பாகச் சொல்ல மிக மிகச் சின்ன வாய்ப்பு உண்டு. வேகமோ அபாரம்.

எதிர்ப்பக்கமும் உண்டு. நம் பஸ் கணக்குக்குச் சிக்கனமான முறை எதுவும் இதுவரை கிடைக்கவில்லை. இருந்தும் 2004-ல், பல கம்ப்யூட்டர்களைக் கூட்டி, ஸ்வீடனின் 24,978 ஊர்களையும் சுற்றிவர மிகக் குறுகிய வழியைக் கண்டுபிடித்து நிரூபித்தார்கள். எல்லா வரிசைகளையும் சோதித்தல்ல. உருப்படாதவற்றைக் கூட்டம் கூட்டமாகக் கழித்து.

அப்படியானால் வரையறை தப்பா? இல்லை. கணக்கு எல்லையில்லாமல் வளர்ந்தால் என்ன ஆகும் என்று அது கேட்கிறது. ஒரகடம் கேட்பது, நாளைக் காலை ஷிஃப்டுக்குள் முடியுமா என்று. 'முடியும்' என்ற ஒரே வார்த்தைக்குள் இரண்டு கேள்விகள்.

அதனால் "மிகச் சிறந்த வழி காண்பது கஷ்டம் என்று விஞ்ஞானமே சொல்கிறதே" என்று யாராவது பஸ்ஸை ஊர் சுற்றவிட்டால் நம்பாதீர்கள். கிட்டத்தட்ட சிறந்த வழி சில விநாடிகளில் கிடைத்துவிடும்.

ஆனால் குறைக்கவேண்டியது எதை? மொத்தக் கிலோமீட்டரையா, முதல் நிறுத்தத்தில் விடியுமுன் ஏறும் பெண்ணின் பயண நேரத்தையா? அதைக் கம்ப்யூட்டர் தீர்மானிக்காது. நாம்தான் சொல்லவேண்டும்.