‘ஒன்றுமில்லை’ என்ற சொல்

சாவுக்கு அஞ்சுகிறவள் சாவைத் தேடுவாளா? மாட்டாள் என்றே நம்புகிறோம். அந்த நம்பிக்கை ஆபத்தானது.

காஞ்சிபுரத்தில் கோர்வைச் சேலை நெய்ய இருவர் வேண்டும். மறு ஓரத்தில் நாடா வீசித் தருவது பல வீடுகளில் மனைவியோ மகளோதான். அவளுக்கென்று தனிக்கூலி கிடையாது. அப்படி ஒருத்தியை நினைத்துக்கொள்வோம். திடீரென நெஞ்சு படபடக்கிறது, மூச்சு முட்டுகிறது, இதோ உயிர் போகிறது என்று தோன்றுகிறது. சில நிமிடங்களில் உச்சம் தொட்டு அடங்குகிறது. இசிஜி எடுத்தால் கோளாறு தெரியாது. ‘ஒன்றுமில்லை’ என்று அனுப்பிவிடுவார்கள். வீட்டில் அதற்கு ‘வேலைக்குப் பயந்து நடிப்பு’ என்று பொருள். அடுத்தது எப்போது வருமோ என்று அவள் பேருந்தை விடுகிறாள், கூட்டத்தை விடுகிறாள். 2019இல் அத்திவரதரைக் காண நாடே திரண்டு வந்த 48 நாளும் இப்படிப்பட்டவள் வாசற்படி தாண்டியிருக்க மாட்டாள்.

இதற்குப் பீதிக் கோளாறு என்று பெயர். ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறத்தாழ இருமடங்கு வருகிறது. 1989இல் மிர்னா வைஸ்மன் குழுவினர் அமெரிக்காவில் 18,011 பேரின் தரவுகளை ஆராய்ந்தார்கள். இக்கோளாறு உள்ளவர்களில் 20 விழுக்காட்டினர் தற்கொலைக்கு முயன்றிருந்தார்கள். கூடவே இருக்கும் மனச்சோர்வுதான் காரணம் என்று வாதிட்டவர்களும் உண்டு. அவர்கள் சொல்வது சரியென்றாலும் நம் பொறுப்பு குறையாது. பயத்தால் வீட்டோடு முடங்கி, சொன்னதை யாரும் நம்பாமல் தனித்துப்போனவளை மனச்சோர்வு எளிதில் பற்றும்.

மாதத்துக்குப் பலமுறை செத்துப் பிழைப்பவள், இது நின்றால் போதும் என்கிறாள். அதைச் சாவு ஆசை என்றோ அவளுடைய சுதந்திரமான முடிவு என்றோ சொல்வது நியாயமாகாது. வேறு வழிகளை அவளுக்குக் காட்டாமல் வைத்திருந்தவர்கள் நாம்.

2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதச் சொல்கிறது. அவரைப் பராமரிப்பதை அரசின் கடமையாக்குகிறது. முயற்சியைத் தண்டித்த 309ஆம் பிரிவும் 2024 ஜூலையோடு போயிற்று. சட்டம் அவளை நம்பத் தொடங்கிவிட்டது. வீடு இன்னும் இசிஜி தாளைத்தான் நம்புகிறது.

நம்புவது என்றால், நேராகக் கேட்பது: ‘செத்துடலாம்னு தோணுதாம்மா?’ கேட்பதால் அந்த எண்ணம் முளைப்பதில்லை. ஒளித்து வைத்ததைச் சொல்ல வழி பிறக்கும். பீதிக் கோளாறு மருந்தாலும் பேச்சுச் சிகிச்சையாலும் கட்டுப்படக்கூடியது. டெலி மானஸ் எண் 14416. இரவு பகல் எந்நேரமும், தமிழிலேயே பேசலாம். அவள் அழைக்கும்போது பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும். தறி கொஞ்சம் காத்திருக்கட்டும்.