குரலும் சாட்சியும்

எழுத்தில் சொந்தக் குரல் என்பது எதனால் சொந்தமாகிறது? நடையின் விசேஷத்தால் என்று நெடுநாள் நம்பியிருந்தேன். கணபதியில் லேத்துப் பட்டறை வைத்திருந்த ஒருவருக்காக, சென்ற வருஷம் லிங்க்ட்இன்னில் போட ஒரு பதிவு எழுதிக் கொடுத்தபோது அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது.

அவர் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: ஜாப் ஒர்க் குறைந்தது. கடன் ஏறியது. இரண்டு லேத்துகளை விற்றுச் சம்பள பாக்கியைத் தீர்த்துவிட்டுப் பட்டறையை மூடினார். இப்போது மேற்பார்வை வேலை தேடுகிறார். நான் எழுதியதோ பயணம், பாடம், முடிவல்ல தொடக்கம். வரிக்கு வரி இடைவெளி வேறு. படித்துவிட்டு அவர் கேட்டார்: “ஏந்தம்பி, இது யாரு பேசறது? என்ற பட்டறையில வேல பாத்த பசங்களும் இதப் படிப்பாங்களே.”

2003இல் தொடங்கிய அந்தத் தளத்தில் வாசகன் என்பவன் நாளை வேலையோ ஆர்டரோ தரக்கூடியவன். அவனை முன்வைத்து எழுதுவதெல்லாம் விண்ணப்பமாகிவிடுகிறது. தோல்வியைச் சொல்வதுகூட, மீண்டுவிட்டேன் என்ற தகுதியைக் காட்டத்தான். தனித்வம் வேண்டுமென்று எல்லோரும் உபதேசிக்கிறார்கள். எல்லோர் தனித்வமும் ஒரே அச்சில் வார்த்ததாக இருக்கிறது. நான் செய்து கொடுத்ததை இன்று இயந்திரம் நொடியில் செய்துவிடும் என்பதில் எனக்கு வெட்கம் கூடியது.

ஆனால் இது இன்று பிறந்த வியாதி அல்ல. 1971இல் கோவையிலிருந்து வரத் தொடங்கிய ‘வானம்பாடி’யின் சமூக அக்கறையை நான் சந்தேகிக்கவில்லை. எனினும் அதன் பலவீனமான கவிதைகளில், கவிஞர் பெயரை மாற்றிப் போட்டாலும் தெரியாத ஒரு பிரகடனக் குரலே எனக்குக் கேட்கிறது. அங்கே எதிரில் இருந்தது கூட்டம், இங்கே முதலாளி.

அப்படியானால் வட்டார வழக்கில் எழுதினால் போதுமா? ஆர். ஷண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ (1942) கொங்குப் பேச்சை நாவலுக்குள் கொண்டுவந்தது. ஆனால் நாகம்மாளின் பேச்சு நம்மைப் பிடித்து நிறுத்துவது வழக்குச் சொற்களால் மட்டுமல்ல. விதவையான அவள் குடும்ப நிலத்தில் தன் பங்கைக் கேட்கிறாள். கேட்டுக்கொண்டிருப்பவர்கள் அந்த நிலத்தையும் அவளையும் அறிந்தவர்கள். அவள் சொல்லுக்கு அங்கே விலை உண்டு. அந்த விலை இல்லாமல் வரிக்கு ஒரு ‘ங்க’ சேர்ப்பது இன்னொரு வேஷம்.

குரலின் சொந்தம் வித்தியாசத்தில் இல்லை என்று இப்போது தோன்றுகிறது. உடனிருந்து அறிந்தவன் முன்னால் அதே வாக்கியத்தைக் கூசாமல் படிக்க முடிகிறதா என்பதில் இருக்கிறது அது. பிழைப்புக்காக எழுதுகிறவனிடம் முழு உண்மையைக் கேட்க நமக்கு உரிமை இல்லைதான். கடன் கொடுத்தவரும் படிக்கிறார். சொல்லாமல் விடுவது அவன் உரிமை. நடந்ததை வேறொன்றாக மாற்றுவது அந்த உரிமையில் சேராது.

கடைசியில் அவர் மூன்று வரிதான் போட்டார்: லேத்தை விற்றது, சம்பளம் கொடுத்தது, வேலை தேடுவது. கடனைப்பற்றி ஒன்றுமில்லை. என் சொற்களில் எதுவும் மிஞ்சவில்லை.

இந்தப் பக்கங்களில் நாமும் ஒரு சிலர், ஒருவர் மதிப்பை மற்றவர் எதிர்பார்த்துத்தான் எழுதுகிறோம். ‘இருப்பு’ என்றும் ‘அந்நியமாதல்’ என்றும் எழுதப் போகும்போது அவர் கேள்வி குறுக்கே வந்து நிற்கிறது. பல சமயம் என்னிடம் பதில் இருப்பதில்லை.