எந்த ஆண்டோடு நிறுத்துவது?

ஆன் ஃபோந்தேன் 2009இல் இயக்கிய ‘கோகோ அவான் ஷனேல்’ நல்ல படம். அனாதை இல்லத்தில் விடப்பட்ட சிறுமி, மதுக்கூடத்துப் பாடகி, எத்தியேன் பால்சானின் மாளிகையில் பாதி விருந்தாளியாகவும் பாதி வேண்டாதவளாகவும் ஒட்டிக்கொண்ட இளம்பெண் என்று, பின்னாளில் ஆடை வடிவமைப்பாளராகப் புகழ்பெற்ற கேப்ரியல் ‘கோகோ’ ஷனேலின் முதல் முப்பத்தாறு ஆண்டுகளை அது சொல்கிறது. பால்சானின் சட்டையை எடுத்து வெட்டித் தனக்கு அளவாக்கிக்கொள்ளும் ஷனேலாக நடிக்கும் ஆட்ரி டாட்டூவின் முகத்தில் திருட்டும் மேதைமையும் ஒன்றாகவே தெரிகின்றன. காதலர் ஆர்தர் கேப்பல் 1919 டிசம்பரில் கார் விபத்தில் இறக்கிறார். கதையும் ஏறக்குறைய அங்கேயே நின்றுவிடுகிறது. ஷனேல் அதற்குப் பிறகு ஐம்பத்தோரு ஆண்டுகள் வாழ்ந்தார். ஒரு வாழ்க்கையைப் படமாக்குபவர், அதன் இருண்ட பகுதி வருவதற்கு முன்பே திரையை இறக்கிவிட்டால் அது கலைஞரின் உரிமையா, பார்வையாளரை ஏமாற்றுவதா?

வெளியே விடப்பட்டது சின்ன விஷயமல்ல. ‘நம்பர் 5’ வாசனைத் திரவியத்தை விற்க 1924இல் தொடங்கிய நிறுவனத்தில் ஷனேலுக்குக் கிடைத்தது பத்து சதவீதப் பங்கு. பெரும்பங்கு பியேர், பால் வெர்தைமர் என்ற யூத சகோதரர்களிடம் இருந்தது. தன் பெயரை வைத்துப் பிறர் சம்பாதிக்கிறார்கள் என்ற அவருடைய மனக்குறை நியாயமற்றது என்று சொல்லிவிட முடியாது. வழக்கறிஞர்களை வைத்துப் பல ஆண்டுகள் போராடியும் பார்த்தார். ஆனால் ஜெர்மானியப் படை பாரிஸைப் பிடித்த பிறகு, யூதர்களின் சொத்தைப் பறிக்கும் ஆணைகள் அமலில் இருந்தபோது, 1941 மே மாதம் அதிகாரிகளுக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்த நிறுவனம் இன்னும் யூதர்களின் சொத்துதான், உரிமையாளர்கள் கைவிட்டுப் போய்விட்டார்கள், அதில் முதல் உரிமை தனக்கே என்பது அதன் சாரம். வெர்தைமர்கள் முன்கூட்டியே ஃபெலிக்ஸ் அமியோ என்ற விமானத் தொழிலதிபரின் பெயருக்குப் பங்குகளை மாற்றியிருந்ததால்தான் அது பலிக்கவில்லை. இதே ஆண்டுகளில் ஷனேல் ரிட்ஸ் ஹோட்டலில், ஹான்ஸ் குந்தர் ஃபான் டிங்க்லாகே என்ற ஜெர்மன் உளவு அதிகாரியோடு உறவில் இருந்தார். ஜெர்மன் ராணுவ உளவுத்துறையின் பதிவேட்டிலும் ஷனேலின் பெயர் உண்டு, எண் எஃப்-7124.

படத்தின் தரப்பில் சொல்லக்கூடிய பதில் வலுவானது. இரண்டு மணி நேரத்தில் எண்பத்தேழு ஆண்டுகள் அடங்காது. எல்லா வாழ்க்கை வரலாறும் ஏதோ ஒன்றை விட்டுத்தான் மற்றதைச் சொல்கிறது. மேலும் இந்தப் படம், புகழுக்கு முந்தைய கோகோவை மட்டுமே காட்டுவதாக, ‘ஷனேலுக்கு முந்தைய கோகோ’ என்று பொருள்படும் தலைப்பிலேயே சொல்லிவிடுகிறது. இதுவரை சரி. ஆனால் கடைசிக் காட்சியில் படம் தான் போட்ட கோட்டைத் தானே தாண்டுகிறது. காம்போன் தெருக் கடையின் கண்ணாடி பதித்த படிக்கட்டில், ஓரங்களில் கரைவைத்துத் தைத்த சூட் அணிந்து ஷனேல் அமர்ந்திருக்கிறார்; மாடல்கள் அவரைக் கடந்து இறங்குகிறார்கள். அந்த சூட்டை உலகம் அறிந்தது 1954க்குப் பிறகு, போரின் போது நடந்தவற்றால் சுவிட்சர்லாந்தில் ஒதுங்கியிருந்துவிட்டு அவர் பாரிஸுக்குத் திரும்பிய காலத்தில். ஆக, பிற்காலத்தின் பெருமை படத்துக்குள் வரலாம், அதே காலத்தின் பழி மட்டும் வரக்கூடாது. குறை, பாதியில் நிறுத்தியதில் இல்லை. நிறுத்திய பிறகும் பின்னால் இருப்பதில் வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டதில் இருக்கிறது.

எந்த நீதிமன்றமும் அவரைத் தண்டிக்கவில்லையே என்று கேட்கலாம். உண்மை. 1944 செப்டம்பரில் அவரை விசாரணைக்குப் பிடித்துச் சென்றவர்கள் சில மணி நேரத்தில் விட்டுவிட்டார்கள். ஆனால் திரைப்படம் தீர்ப்பு எழுத வேண்டியதில்லை, நடந்ததைக் காட்டினால் போதும். இதைவிடக் கடினமான கேள்வி வேறொன்று. பாதிக்கப்பட்ட வெர்தைமர்களே 1947இல் அவரோடு சமரசம் செய்துகொண்டார்கள். பிறகு அவருடைய மறுவருகைக்குப் பணமும் தந்தார்கள். நிறுவனம் இன்றும் அந்தக் குடும்பத்தின் கையில்தான் இருக்கிறது. அவர்களுக்கு இல்லாத கோபம் பார்வையாளருக்கு எதற்கு? அந்தச் சமரசம் இரு தரப்புக்கும் லாபமான ஒரு வியாபார உடன்பாடு. தங்கள் பங்கு வரையில் அதைச் செய்துகொள்ள அவர்களுக்கு உரிமை உண்டு. ஆனால் ஷனேல் கையில் எடுத்தது அவர்களுக்காக மட்டும் தீட்டிய கத்தியல்ல. அதே சொத்துப் பறிப்பு ஆணைகளால் கடையையும் வீட்டையும் இழந்து, பேரம் பேச உயிரோடு திரும்பாதவர்களின் சார்பில் வெர்தைமர்கள் எதையும் கையெழுத்திட்டுக் கொடுத்திருக்க முடியாது.

படம் ஷனேல் நிறுவனத்தின் ஒத்துழைப்போடு எடுக்கப்பட்டது. காப்பகத்து உடைகள் கிடைத்தன. அதே ஆண்டு டாட்டூ ‘நம்பர் 5’ விளம்பரத்திலும் நடித்தார். இதை வைத்து, நிறுவனம் சொல்லித்தான் போர்க்காலம் விடுபட்டது என்று குற்றம் சாட்டுவது அநியாயம். கட்டளை எதுவும் தேவைப்படுவதில்லை என்பதுதான் இங்கே சிக்கல். அலமாரிச் சாவியை இரவல் வாங்குபவர் எந்த அறைக்குப் போகக் கூடாது என்பதைத் தானாகவே தெரிந்துகொள்வார். அந்தச் சாவியை மறுக்க வழியில்லாமல் இல்லை. 2014இல் ஆடை வடிவமைப்பாளர் ஈவ் சான் லோரான் பற்றி இரண்டு படங்கள் வந்தன. ஜலில் லெஸ்பேரின் படத்துக்கு, லோரானின் வாழ்க்கைத் துணையாகவும் தொழில் பங்காளியாகவும் இருந்த பியேர் பெர்ஜே மூல உடைகளையே கொடுத்தார். அவருடைய ஆதரவில்லாமல் எடுத்த பெர்த்ரான் போனெல்லோவோ உடைகளைப் புதிதாகத் தைக்க வேண்டியிருந்தது. அந்தத் தையலுக்கு அனயிஸ் ரோமான் சேசார் விருதும் வாங்கினார். (போனெல்லோவும் முழுக்கச் சுதந்திரமானவர் அல்ல, பிராண்டின் உரிமையாளரான கெரிங் குழுமம் அவர் பக்கம் நின்றது.) ஃபோந்தேனுக்கு அவ்வளவு சிரமம்கூட இருந்திருக்காது. கேப்பலின் சாவோடு, 1919இலேயே, உண்மையாகவே முடித்திருந்தால் காட்டுவதற்குத் தொப்பிகளும் டோவில் நகரத்துக் கடையின் ஜெர்சித் துணிகளும் போதும். பிற்காலத்து உடை ஒன்றைக்கூட யாரிடமும் கேட்க வேண்டியிருந்திருக்காது.