மருந்தும் மறுப்பும்: ஓர் அறவியல் நோக்கு

மருந்து பொருளா, செயலா என்ற வினா முதனோக்கில் வீண்வினாவாகவே தோன்றும். புட்டியில் அடைக்கப்பட்டு, விலை குறிக்கப்பட்டு, கடையிலே வைக்கப்பட்டிருப்பது பொருளன்றி வேறென்ன என்று கேட்பது இயல்பே. எனினும் தமிழ் மரபு அவ்வாறு கருதியதன்று. திருக்குறளின் மருந்து அதிகாரம் நோயாளி, மருத்துவன், மருந்து, அதனைப் பிழையின்றி இயற்றுவோன் என மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்து, மருந்தை அந்நான்கனுள் ஒன்றாக மட்டுமே வைக்கின்றது. நோயாளியின் நிலை, நோயின் அளவு, காலம் ஆகிய மூன்றையும் ஆராய்ந்தே மருத்துவன் செயற்பட வேண்டுமென்பதும் அவ்வதிகாரத்தின் கருத்தாகும். கிரேக்க அறிஞர் அரித்தோத்திலும் இதையொத்த கருத்தைத் தமது ஒழுக்கவியல் நூலிலே கூறினார். தேன், மது, சூடிடுதல், அறுத்தல் என்பனவற்றை அறிதல் எளிது. அவற்றை யாருக்கு, எப்போது, எவ்வாறு பயன்படுத்துவதென அறிதல் மருத்துவனாவதற்கு ஒப்பான அரிய காரியம் என்பது அவர் கருத்து.

இவ்விரு மரபுகளும் உணர்த்துவது ஒன்றே. தக்க பயன்பாட்டிலிருந்து பிரிக்கப்பட்ட மருந்து மருந்தாகாது. இதனை ஏற்போமாயின், ஒரு மருந்தைக் கேட்கும் உரிமை எவ்வளவு, அதனை மறுக்கும் கடமை எவ்வளவு என்பது மருத்துவ வினாவாக மட்டும் நில்லாது, அறவியல் வினாவுமாகின்றது. கொவிட்-19 கொள்ளைநோய் இவ்வினாவை ஏட்டிலிருந்து இல்லந்தோறும் கொண்டுவந்து சேர்த்தது.

இலங்கையிலே முதல் நோயாளி 2020 சனவரி 27ஆந் திகதி இனங்காணப்பட்டார். 2021 ஓகஸ்ட் மாத இறுதியில் நாளொன்றுக்கு இருநூறுக்கு மேற்பட்டோர் இறந்த நாள்களும் இருந்தன. காலி வீதிக்கும் கடலுக்கும் இடையே மாடிக் குடியிருப்புகள் நெருங்கி நிற்கும் வெள்ளவத்தையிலே இத்துன்பம் தனியொரு வடிவு கொண்டது எனலாம். பெற்றோர் இங்கே, பிள்ளைகள் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும். தந்தை வைத்தியசாலையில் மூச்சுத்திணறிக் கிடக்கையில், விமானமேறவும் வழியற்ற மகனுக்கு எஞ்சியிருந்தவை தொலைபேசியும் பணமுமே. செய்தியிற் கேட்ட மருந்தொன்றின் பெயரைக் கூறி, "என்ன விலையெண்டாலும் போடச் சொல்லுங்கோ" என்று அத்தகைய மகன் மன்றாடுவது பேராசையன்று. அருகிலிருந்து கால்பிடிக்க முடியாத அன்பு, தனக்கு எட்டிய ஒரே வழியைப் பற்றிக்கொள்கின்றது. ஆயினும் அன்பின் தூய்மை மருந்தின் பொருத்தத்துக்குச் சான்றாகுமா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

அக்காலத்தில் உலகெங்கும் வேண்டப்பட்ட ஊசிமருந்துகளுள் றெம்டெசிவிர் முதன்மையானது. வைரசு தன்னைப் படியெடுத்துப் பெருகும் செயலை இடைமறிப்பது அதன் தொழிற்பாடு. எபோலா நோய்க்காகக் கொங்கோவில் நிகழ்ந்த ஆய்விலே ஏனைய மருந்துகளுக்குப் பின்தங்கி, 2019இல் அது கைவிடப்பட்டது. கொவிட் நோயில், 1,062 பேரைக் கொண்ட ஆய்வொன்று, குணமடையும் காலம் 15 நாளிலிருந்து 10 நாளாகக் குறைந்தமையைக் காட்டிற்று. உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டு ஆய்வு 2022இல் வெளியிட்ட இறுதி முடிவோ வேறுபாடுகளைத் தெளிவாக்கியது. செயற்கைச் சுவாசத்தில் இருந்தோருக்கு அது பயன்படவில்லை. ஒட்சிசன் மட்டும் பெற்றோரிடையே இறப்பு 16.3 சதவீதத்திலிருந்து 14.6 சதவீதமாகக் குறைந்தது. எனவே, எந்தக் கட்டத்தில் உறவினர் மிகுதியாக மன்றாடினரோ அந்தக் கட்டத்திலேயே மருந்து பயனற்றிருந்தது. நோய் முற்றும்போது கேடு செய்வது பெரும்பாலும் வைரசின் பெருக்கமன்று, உடலின் தற்காப்பு எல்லைமீறி எழுப்பும் அழற்சியே என்பது இதற்குக் காரணமாகும்.

அதனைப் பயன்படுத்தும் முறையும் கவனத்துக்குரியது. வளர்ந்தோருக்கு முதல் நாள் 200 மில்லிகிராம், பின்னர் நாள்தோறும் 100 மில்லிகிராம் என்ற அளவில், நாளத்தினூடாக 30 முதல் 120 நிமிடம்வரை மெல்ல ஏற்றப்படல் வேண்டும். தொடங்குமுன் ஈரலின் நிலையையும் குருதி உறையும் நேரத்தையும் சோதித்தல் வேண்டும். ஏற்றும்போதும் அதன்பின் ஒரு மணிநேரமும் ஒவ்வாமையோ இதயத்துடிப்புத் தாழ்வோ நேராதவாறு கண்காணிக்க வேண்டும். புட்டியை வாங்கித் தரும் பணத்தால் இக்கண்காணிப்பை வாங்கிவிட முடியாது. பிழையின்றி இயற்றுவோனைத் திருக்குறள் தனிக் கூறாக எண்ணியதன் பொருத்தம் இங்கே புலப்படும்.

இதற்கு நேர்மாறானது டெக்சாமெதசோனின் வரலாறு. நெடுங்காலம் வழக்கிலிருந்த, விலை மிகக் குறைந்த இம்மருந்து, செயற்கைச் சுவாசத்தில் இருந்தோரின் இறப்பை 41.4 சதவீதத்திலிருந்து 29.3 சதவீதமாகக் குறைத்ததென 2020இல் பிரித்தானிய ஆய்வு நிறுவியது. நாளொன்றுக்கு 6 மில்லிகிராம், கூடியது பத்து நாள் என்பதே அளவு. ஆயினும் ஒட்சிசன் தேவைப்படாதோருக்கு அது நன்மை செய்யவில்லை. 2021இல் இந்தியாவெங்கும் பரவிய கரும்பூஞ்சை நோய்க்கு, நீரிழிவுடன் இவ்வகை மருந்துகளின் மிகைப்பயன்பாடும் காரணமாயிற்று. ஒருவனை உயிர்ப்பித்த மருந்தே மற்றொருவனின் கண்ணைப் பறித்தது.

"இறக்கும் தறுவாயில் இருப்பவனுக்கு இழப்பதற்கு என்ன உண்டு? கொடுத்துப் பார்த்தாலென்ன?" என்ற எதிர்வாதம் இவ்விடத்து எழும். இவ்வாதம் வன்மை வாய்ந்தது; அலட்சியமாகத் தள்ளத்தக்கதன்று. ஆயினும் அது இரண்டு செய்திகளை மறைக்கின்றது. இறக்கும் தறுவாயில் இருப்பவனுக்கும் இழப்பதற்கு உண்டு என்பது ஒன்று. எஞ்சிய நாள்களின் அமைதியும், பிழைக்கக்கூடிய சிறுவாய்ப்பும் அவனுடையவை. மருந்து அளவற்றதன்று என்பது மற்றையது. 2021இல் சென்னை கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரியில் றெம்டெசிவிர் விற்கப்பட்டபோது, நோயாளிகளின் உறவினர் நெடுநேரம் வரிசையில் நின்றனர். மே மாதத்தில் விற்பனை விளையாட்டரங்குக்கு மாற்றப்பட்டும் நெரிசல் தணியவில்லை. ஈற்றில், உறவினருக்கு விற்பதை நிறுத்தி, மருத்துவமனைகளுக்கே நேரடியாக வழங்கும் ஒழுங்கினை அரசு செய்தது. அதே மாதத்தில் குசராத்தில் உப்பும் குளுக்கோசும் கலந்த போலிப் புட்டிகள் பிடிபட்டன. வரிசையில் நிற்க வலுவுள்ளவனின் உறவினருக்கு மருந்தும், ஆளில்லாதவனுக்கு இல்லாமையும் கிடைப்பது நீதியாகாது.

இதனினும் கடினமான வினா ஒன்றுண்டு. 2020 நவம்பரில் றெம்டெசிவிரைப் பரிந்துரையாத உலக சுகாதார நிறுவனம், 2022இல் தன் நிலைப்பாட்டை ஓரளவு மாற்றி, சில நோயாளிகளுக்கு அதனைப் பரிந்துரைத்தது. அவ்வாறாயின், முன்னர் மறுத்த மருத்துவர் தவறிழைத்தவரா? அல்லர். ஒருவர் செய்த முடிவை அன்று அறியக்கூடியதாயிருந்தவற்றைக் கொண்டே மதிப்பிடல் வேண்டும். ஆனால் இவ்விடை மருத்துவருக்கு ஒரு கடனையும் சுமத்துகின்றது. "பயனில்லை" என்பதற்கும் "பயனுண்டென இன்னும் நிறுவப்படவில்லை" என்பதற்கும் உள்ள வேறுபாட்டை அவர் மறைக்கலாகாது. அறிவின் எல்லையை மறைக்கும் மறுப்பும், ஆசைக்கு இணங்கித் தரும் மருந்தும் உண்மைக்குச் செய்யும் தீங்கில் ஒத்தவையே.

இலங்கை இவ்வகைச் சிந்தனைக்குப் புதிய நாடன்று. மருந்தியற் பேராசிரியர் சேனக பிபிலே, வணிகப் பெயரை விடுத்து மூலப்பெயரால் மருந்து வழங்கும் கொள்கையை முன்வைத்து, 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதற் தலைவரானார். தேவையான மருந்து, தக்க தரத்தில், ஏழைக்கும் எட்டும் விலையில் என்பதே அக்கொள்கையின் சாரம். 2015ஆம் ஆண்டுச் சட்டம் மருந்துகளை ஒழுங்குபடுத்தத் தேசிய அதிகாரசபையையும் தந்தது. எனினும் சட்டம் மட்டும் போதுமானதன்று. போலி ஆவணங்களுடன் தரமற்ற இம்யூனோகுளோபியூலின் ஊசிமருந்து கொள்வனவு செய்யப்பட்டதென்ற குற்றச்சாட்டு எழுந்து, முன்னர் சுகாதார அமைச்சராயிருந்தவர் 2024 பெப்ரவரியில் கைதானார். குற்றம் யாருடையதென்பதைக் கூறவேண்டியது நீதிமன்றமே. ஆனால் நாளத்தில் ஊசி ஏறும் கணத்தில் நோயாளி தன்னால் சோதிக்கவியலாத ஒரு நீண்ட நம்பிக்கைச் சங்கிலியில் தன்னை ஒப்படைக்கிறான் என்பது வழக்கின் முடிவு எவ்வாறாயினும் மாறாத உண்மை. ஆக்குவோன், வாங்குவோன், சோதிப்போன், ஏற்றுவோன் என அச்சங்கிலியில் எக்கண்ணி இற்றாலும் வீழ்பவன் அவனே.

ஆகவே, நோயாளிக்குள்ள உரிமை குறித்த ஒரு புட்டிக்கான உரிமையன்று. தன் நிலைக்குத் தக்க ஆராய்ந்த மருத்துவத்துக்கான உரிமையாகும். அவ்வுரிமை சிலவேளை மருந்தைத் தருவதாலும், சிலவேளை மறுப்பதாலும் நிறைவேறும். மறுப்பு அறமாக நிற்பதற்கு நிபந்தனை ஒன்றுண்டு. "இது உங்கள் தந்தைக்கு உதவாது; உதவக்கூடிய இவையிவை செய்யப்படுகின்றன" என்று, கடல் கடந்து காத்திருக்கும் மகனுக்குக் காரணத்துடன் சொல்லப்படல் வேண்டும். சொல்லாது மறுப்பது கைவிடுதலாகவே அவனுக்குப் படும். சொல்லி மறுத்து, அதன்பின்னும் நோயாளியின் அருகே நின்று ஒட்சிசனையும் நீரையும் ஆறுதலையும் அளிப்பதே மருத்துவ அறம்.