‘நல்லவர்’ வீசிய கத்தி

ஐரோப்பாக் கண்டத்தின் தென்கோடி முனை எந்த ஊரில் இருக்கிறது தெரியுமா? ஸ்பெயினில், தாரிஃபாவில். ஒருநாள் நீங்கள் அங்கே போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்களேன். ரயில் கிடையாது. அல்ஹெசிராஸ் வரை ரயிலில் போய், அங்கிருந்து மலைப்பாதையில் இருபது கிலோமீட்டர் சொச்சம் பஸ். வானம் சுத்தமாக இருந்தால் வழியிலேயே கடலும், கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு மலைத்தொடரும் தெரியும். அதுவும் ஸ்பெயின்தான் என்று நினைத்துவிடாதீர்கள். ஆப்பிரிக்கா! ஜிப்ரால்டர் ஜலசந்தியின் குறுகலான இடத்தில் நடுவே இருக்கும் தண்ணீர் வெறும் 14 கிலோமீட்டர்.

சின்ன ஊர்தான். ஹெரேஸ் வாசல் என்ற பழைய மதில் வாசலில் நுழைந்தால் வெள்ளையடித்த வீடுகள், குறுகலான சந்துகள். தெற்கே நடந்தால், பலோமாஸ் தீவுக்குப் போகும் பாதை கடலை வகிடெடுத்த மாதிரி நீள்கிறது. இடது கைப் பக்கம் மத்தியதரைக்கடல், வலது கைப் பக்கம் அட்லாண்டிக். காற்றுதான் ரொம்ப ஜாஸ்தி. கிழக்கிலிருந்து அடித்தால் லெவாந்தே, மேற்கிலிருந்து அடித்தால் போனியெந்தே என்று அதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். லெவாந்தே முறுக்கிக்கொண்டால் டான்ஜியர் போகிற ஃபெர்ரி ரத்து. மற்ற நாளில் சுமார் ஒரு மணி நேரத்தில் ஆப்பிரிக்கா.

ஆசைப்பட்டு ஏறிவிடாதீர்கள். நம்ம பாஸ்போர்ட்டுக்கு இரண்டு கரையிலும் விசா வேண்டும். உங்களிடம் இருப்பது ஒரே ஒரு முறை நுழைகிற ஷெங்கன் விசா என்றால், போனவர் போனவர்தான், அதை வைத்துக்கொண்டு திரும்ப முடியாது. ஸ்பெயின்காரர் சுற்றிப்பார்க்க மொராக்கோ போவதென்றால் விசாவே வேண்டாம்.

துறைமுகத்தை ஒட்டியே ஒரு கோட்டை. 960-ல் அரபு ஆட்சியில் கட்டியது. இன்று அதன் பெயர் ‘நல்லவர் குஸ்மான் கோட்டை’. யார் அந்த நல்லவர்?

1292-ல் கஸ்தீலிய மன்னர் நான்காம் சாஞ்சோ இந்த ஊரைப் பிடித்தார். 1294-ல் மொராக்கோவின் மரினிதுப் படை முற்றுகையிட்டது. அந்தப் படையோடு வந்து நின்றவர், சாஞ்சோவின் சொந்தத் தம்பி ஹுவான்! உள்ளே காவல் தளபதி அலோன்சோ பெரெஸ் தெ குஸ்மான். இவரும் லேசுப்பட்டவர் இல்லை. ஒரு காலத்தில் கடல் தாண்டிப் போய் அதே மரினிது சுல்தானுக்காகச் சம்பளத்துக்குச் சண்டை போட்டவர். யார் எதிரி, யார் நம்ம ஆள் என்பதில் அவ்வளவு குழப்பம்.

குஸ்மானின் மகன் ஹுவானிடம் பிணையாக மாட்டியிருந்தான். கோட்டையைக் கொடு, இல்லையென்றால் பையன் காலி என்றார்கள். குஸ்மான் மதில்மேல் நின்றபடி தன் கத்தியை உருவிக் கீழே வீசினாராம், வேண்டுமானால் இதாலேயே கொல்லுங்கள் என்று. கொன்றார்கள். கோட்டை பிழைத்தது. ‘எல் புவெனோ’, அதாவது ‘நல்லவர்’ என்ற பட்டம் ஒட்டிக்கொண்டது. நிலங்கள் வந்தன. வம்சம் பின்னாளில் மெதினா சிதோனியா பிரபுக்களாகச் செழித்தது. கத்தி விஷயத்தைச் சொல்லிச் சொல்லி மெருகேற்றியிருக்கலாம். பையன் செத்தது செத்ததுதான்.

நமக்கு உடனே மனுநீதிச் சோழன் ஞாபகம் வரும். ஆனால் அந்த இளவரசன் தேர்க்காலில் ஒரு கன்று செத்துக் கிடந்தது. தெரியாமல் நடந்ததென்றாலும் அவன் பங்கு ஒன்று இருந்தது. தாரிஃபாப் பையன் என்ன பண்ணினான்? தன் உயிரைக் கொடுத்துக் கடமையைக் காப்பாற்றுகிறவரைத் தியாகி என்கிறோம். இன்னொருவர் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றினால்? அந்த இன்னொருவர் சொந்த மகன் என்பதால் கணக்கு மாறிவிடுமா?

‘கோட்டை விழுந்திருந்தால் உள்ளே இருந்தவர்கள் கதி?’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வாசலைத் திறந்துவிட்டிருக்க வேண்டும் என்று ஏசி ரூமில் உட்கார்ந்து சொல்வது ரொம்பச் சுலபம், நான் சொல்லமாட்டேன். வேறு வழி தெரியாமல் செய்தார் என்றால் ஒப்புக்கொள்கிறேன். ‘நல்லவர்’ என்கிற பட்டம்தான் தொண்டையில் மாட்டுகிறது.

எழுநூறு வருஷத்துப் பழங்கதை, விட்டுத்தள்ளுங்கள் என்கிறீர்களா? அப்படியே மேற்கே நடந்து லோஸ் லான்செஸ் கடற்கரைக்கு வாருங்கள். பெரிய பட்டங்களைக் கட்டிக்கொண்டு அலைமேல் சறுக்குகிறார்களே, அதே மணல். 1988 நவம்பர் 1-ம் தேதி இங்கே ஓர் உடல் ஒதுங்கியது. பத்திரிகையாளர் இல்தெஃபோன்சோ சேனா அதைப் படமெடுத்தார். மொராக்கோவிலிருந்து 23 பேரை ஏற்றிவந்த சின்னப் படகு கவிழ்ந்திருந்தது, பெரும்பாலோர் பிழைக்கவில்லை. 1991-ல் ஸ்பெயின் மொராக்கோக்காரர்களுக்கு விசாவைக் கட்டாயமாக்கியது. ஃபெர்ரியில் டிக்கெட் எடுக்க வழியில்லாதவர்கள் படகில் ஏறினார்கள். 2002-ல் ஜலசந்தியில் ராடார் கண்காணிப்பு வந்தது. ஆட்கள் வருவது நின்றதா? இன்னும் நீளமான, இன்னும் மோசமான கடல்வழிகளைத் தேடிப் போனார்கள். தாரிஃபா இடுகாட்டில், பெயர் தெரியாமல் புதைக்கப்பட்டவர்களுக்கு ஒரு நினைவுக்கல் இருக்கிறது.

ஊர்க்காரர்களைக் குறை சொல்லவில்லை. தத்தளிக்கிறவர்களைத் தூக்கிவர இதே துறைமுகத்திலிருந்து மீட்புப் படகுகளும் கிளம்புகின்றன. எல்லை என்று ஒன்று இருந்தால் அதற்குக் காவலும் இருக்கும், அதுவும் புரிகிறது. ஆனால் குஸ்மான் கீழே நிற்பது யார் என்று தெரிந்துதான் கத்தியை வீசினார். இப்போது நமக்கு அந்தச் சிரமம்கூட இல்லை. விசா விதி எழுதுகிறவர் மதில்மேல் ஏறி நிற்கவேண்டாம், கீழே பார்க்கவேண்டாம். காலையில் பேப்பரில் ‘படகு கவிழ்ந்து 23 பேர்’ என்று படித்துவிட்டு நாமும் விளையாட்டுப் பக்கத்துக்குப் போய்விடலாம்.